பிஸ்கட்டைப் பிடித்துப்போகும் அதிகாரம்

ஒருவர் தன் வீட்டுக் கொல்லையில் ஆடு வளர்க்கலாமா, கூடாதா என்பது ஆட்டைப் பற்றிய கேள்வி என்று சட்டம் படிக்காதவர்கள் நினைத்துக்கொள்வார்கள். டன்மோர் கவுண்டி என்ற மாவட்டத்தில் தனியாகக் குடியிருந்த வெர்னா ஹாஸ்கெட்டும் சட்டம் படிக்காதவள்தான். அவளுடைய பிஸ்கட் என்ற வெள்ளாட்டை, ஊர் விதியைக் காட்டிக் கவுண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபோது, ‘என் ஆட்டைக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டு வழக்குப் போட்டாள். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் துணை என்று இருந்தது அது ஒன்றுதான்.

மத்திய கோர்ட் அவள் மனுவை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது. மாநிலத்துக்கென்று தனியாக உள்ள அரசியல் சட்டம் ஆட்டுக்கு இடம் கொடுக்கிறதா என்று தெரியாமல் நாட்டின் அரசியல் சட்டத்தைத் தொடுவது முறையல்ல என்று, கேள்வியை மாநிலக் கோர்ட்டுக்கு மரியாதையோடு அனுப்பிவைத்தது. மாநிலக் கோர்ட்டுக்கு மரியாதை தெரியாதா என்ன? நாட்டின் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் மாநிலச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல இயலாது என்று இன்னும் பணிவாகத் திருப்பி அனுப்பியது. இந்த மரியாதையிலேயே சில வருஷங்கள் ஓடிப்போயின.

சட்டக் கல்லூரிகளில் ஒரே கொண்டாட்டம். பிஸ்கட்டைப் பற்றி எழுதாதவர் அந்நாளில் பேராசிரியரே இல்லை. பக்கத்துக்கு இரண்டு வரி கட்டுரை, மிச்சமெல்லாம் அடிக்குறிப்பு. ஆட்டுக்கு நாலு கால் என்று எழுதினாலும் கல்லூரிச் சட்டப் பத்திரிகையை நடத்தும் மாணவர்கள் ஆதாரம் கேட்பார்கள். வேறொரு பேராசிரியர் முன்பே அப்படி எழுதியிருந்தால் போதும், யாரும் ஆட்டைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இவர்களில் முன்னணியில் இருந்தவர் பேராசிரியர் தேடியஸ் க்ரேல். அவர் நடத்திய மாநாட்டுக்கு வெர்னாவை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்.

“என் ஆடு எப்ப வரும், புரொபசர்?” என்று அவள் எழுந்து கேட்டாள்.

“அபாரமான கேள்வி, மேடம்! இந்தக் கோணத்துல இதுவரைக்கும் யாருமே யோசிக்கல.”

மண்டபமே கைதட்டியது. வெர்னாவுக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

அடுத்த வாரம் கவுண்டி அதிகாரி ராய்ஸ் வண்டியில் பிஸ்கட்டோடு வந்து இறங்கினார்.

“அம்மா, இந்தச் சனியன் எங்க ஆபீஸ் திரைச்சீலையெல்லாம் தின்னு தீர்த்துருச்சு. சத்தம் போடாம வச்சுக்கோங்க. நாங்க எதையும் பார்க்கல.”

வெர்னா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேதி கேட்ட க்ரேல் அன்று மதியமே ஓடி வந்தார்.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஆடு கைக்கு வந்தா கேஸ் செத்துப்போச்சே!”

“ஆடு உசுரோட இருக்கே, புரொபசர்.”

“ஆடு இருக்கு. உரிமை இருக்கா? நாளைக்கே வந்து பிடிச்சிட்டுப் போனா?”

“போனா மறுபடி கேஸ் போடுவேன்.”

“அதுக்கு ஏன் நாளை வரைக்கும் காத்திருக்கணுங்கிறேன்?”

வெர்னா யோசித்துப் பார்த்தாள். அந்தக் கைதட்டலும் கூடவே ஞாபகம் வந்தது. மறுநாள் காலை ஆட்டை இழுத்துக்கொண்டு கவுண்டி ஆபீசுக்குப் போனாள்.

“பிடிச்சுக்கோங்க.”

“முடியாதும்மா,” என்றார் ராய்ஸ்.

“அன்னிக்குப் பிடிச்சீங்களே?”

“அன்னிக்கு நீங்க விடமாட்டேன்னு மல்லுக்கு நின்னீங்க, அதனால பறிமுதல். இப்ப நீங்களா குடுத்தா அது நன்கொடை. நன்கொடை வாங்கணும்னா சபையில தீர்மானம் போடணும்.”

வேறு வழியில்லை. தன் ஆட்டைத் தன் சம்மதமின்றிப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லும்படி கவுண்டிக்கு உத்தரவிட வேண்டும் என்று வெர்னா மனுப் போட்டாள். மனுவை எழுதிக் கொடுத்தவர் க்ரேல். விசாரணை நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. இது மாநில விவகாரம்போல் தோன்றுகிறதே என்று நீதிபதி நெற்றியைச் சுருக்கினார். பேராசிரியர்கள் பரவசத்தோடு குறிப்பெடுத்தார்கள்.

வெர்னாவின் தங்கை லோரீன் கோர்ட்டின் பின்வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“அக்கா, நீ கொண்டுவந்த ஆடு வெளிய வெயில்ல வண்டியிலேயே நிக்குது. நாக்குத் தள்ளுது. தண்ணி காட்டவா, வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகவா?”

“உஸ்!” என்று வெர்னா திரும்பிப் பார்க்காமலே கையமர்த்தினாள். “ஆட்டுக்கு என்ன வேணுங்கிறது இப்பக் கேள்வியே இல்லடி. அதைக் கேக்குற அதிகாரம் எந்தக் கோர்ட்டுக்கு இருக்குங்கிறதுதான் கேள்வி.”