கத்தியில்லாமல் கட்டறுத்த கயிறு சாமி

“ஏட்டி, பிரிஞ்சு இருக்கது வேற, விவாகரத்து வேற. நீ எத்தனை வருசம் அம்மை வீட்டுல கெடந்தாலும், கோர்ட்டு தீர்ப்பு சொல்லுத வரைக்கும் நீதான் பொண்டாட்டி. அவிய இன்னொருத்தியக் கட்டுனா குத்தம். ஒன்னையும் பிள்ளையையும் பாக்க வேண்டியது அவிய பொறுப்பு.”

“அதெல்லாம் சரி ஜீனா...”

“அப்ப ஒனக்கு என்னதாம்ட்டி வேணும்? வாயைத் தொறந்து சொல்லு.”

வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் பள்ளித் தோழி ஜீனா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டபோது, ராமலட்சுமி பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டாள். மனதில் இருந்ததைச் சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்.

அந்தப் பேச்சு இப்போது கயிறு சாமியின் வரிசையில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது.

எட்டயபுரம் சாலையில், உடைமரக் காட்டைத் திருத்திப் பந்தல் போட்டிருந்தார் சாமி. வேனும் ஆட்டோவுமாகக் கூட்டம். வாசலில் கடலைமிட்டாய் வியாபாரம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையாக மஞ்சள் கயிற்றைப் பிடிக்க வேண்டும். சாமி குப்பியிலிருந்து இரண்டு சொட்டுத் தீர்த்தம் விட்டு, சூடத் தட்டுக்கு மேலே காட்டுவார். கொஞ்ச நேரத்தில் கயிறு தானாக அறுந்து விழும். அறுந்ததும் குலவை. அம்மனே விவாகரத்துக் கொடுத்துவிட்டாளாம்! கோர்ட்டில் வருசக்கணக்காக அலைகிறவர்கள் எல்லாம் கூறுகெட்டவர்கள்!

“பிரிஞ்சு இருந்தாலே பாதி அறுந்தாச்சு. மீதிய நான் அறுக்குதேன்” என்று சாமி முழங்கினார். சட்டம் படித்தவர்களுக்குக்கூட இந்தப் பாதிக் கணக்கு தெரியாது.

ராமலட்சுமியின் கணவன் இசக்கிராஜாவுக்குக் கயத்தாறில் வேறு பெண் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. மாமியார் சீனித்தாய் நேராகவே சொல்லிவிட்டாள். “வந்து கயித்தப் பிடி. அறுந்துட்டா ஒனக்கும் எங்களுக்கும் பேச்சில்ல, ஒரு உரிமையும் கேக்கப்பிடாது. வரலைன்னா பிள்ளையத் தூக்கிட்டு வந்துருவோம்.” மகளை நினைத்துப் பயந்துதான் ராமலட்சுமி வந்தாள்.

முன்னால் நின்ற பெண்ணின் முந்தானையில் தீர்த்தம் ஒரு சொட்டு தெறித்தது. அவள் திரும்பி வரும்போது அந்த இடத்தில் கடலைப் பருப்பு அளவுக்கு ஓட்டை. ‘அம்மன் சேலையையும் விவாகரத்துப் பண்ணிட்டாளோ?’ என்று ராமலட்சுமிக்குத் தோன்றியது. பயத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

முறை வந்தது. இசக்கிராஜா ஒரு முனையைப் பிடித்தான்; பின்னால் சீனித்தாய் நின்றாள். அவள் கயிற்றைத் தொடவில்லை.

“சாமி, கோயில்ல தீர்த்தம்னா கையில வாங்கிக் குடிப்போம். இதை ஏன் யாருக்கும் குடுக்க மாட்டேங்கீங்க?”

“பொம்பளைங்க குடிக்கப்பிடாது தாயி.”

“அப்ப நீங்க ஒரு மடக்கு குடிங்க. பாத்துட்டுக் கயித்தப் பிடிக்கேன்.”

“நான் விரதம்.”

“விரதத்துக்குத் தீர்த்தம் ஆகாதா சாமி?” என்றார் வரிசையிலிருந்த லாரி டிரைவர் ஒருவர். கூட்டம் கெக்கலித்தது.

“ஏட்டி, சாமியவா சோதிக்க? நாக்கு அழுவிரும்!” என்று சீனித்தாய் பாய்ந்தாள். “நீங்க குடிச்சுக் காட்டுங்க சாமி! இவ வாய அடைங்க!”

பக்தையின் நம்பிக்கையை விடக் கொடுமையான சோதனை எந்தச் சாமிக்கும் கிடையாது. அவர் குப்பியை மடியில் ஒளிக்கப் பார்த்தார். மூடி கழன்றது. தீர்த்தம் தொடையில் கொட்டியது.

“ஐயோ எரியுதே!” என்று கயிறு சாமி அம்மனை மறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தார். காவி வேட்டி நைந்து தனித்தனியாகப் பிரிந்து மிதந்தது.

லாரி டிரைவர் குப்பியை மோந்து பார்த்தார். விபூதி கரைந்து தொட்டியிலிருந்து எழுந்து வந்த சாமியின் முகத்தையும் பார்த்தார். “ஏலே, நீ பேட்டரிக் கடை சோலைராஜ்லா? பேட்டரி ஆசிட்ட ஊத்தியால குடும்பத்தப் பிரிக்க?”

கூட்டம் சோலைராஜை விரட்டியது. விரட்டியவர்களில் பாதிப் பேர் சற்றுமுன் குலவை போட்டவர்கள். இசக்கிராஜா மட்டும் நகரவில்லை. “அப்ப எனக்கு அறுந்துச்சா, இல்லையா?” என்று கேட்டான். பாவம், பட்டப்படிப்பு படித்தவன்.

ஆசிட்டு நூலைத்தான் அறுக்கும், சட்டத்தை அறுக்காது. இதைத் தெரிந்துகொள்ளச் சாமி எதற்கு? தலையைத் தொப்பி மாட்டும் ஆணியாக மட்டும் வைத்திருக்காமல், ஒரு நிமிசம் யோசித்தால் போதாதா?

“மாப்பிள்ளை, அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக்காகத்தான் இவ்வளவு நாளாக் காத்துக் கெடக்கா” என்றார் ஒரு பெரியவர் உருக்கமாக. எல்லோரும் ராமலட்சுமியைப் பார்த்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள்.

“இல்ல பெரியப்பா. இங்க பாருங்க, எனக்கு விவாகரத்து வேணும். கோர்ட்டுல, பிள்ளை என்கிட்டயே இருக்கும்னு எழுதி, முறைப்படி வேணும்.”