சத்தம் அக்காவும் என் சப்பாத்தும்

பீடோங்கிலிருந்து குருண் வரை உள்ள அத்தனை கதவுகளின் குணத்தையும் அறிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சத்தம் அக்கா. உங்கள் வீட்டுக் கதவு சாத்தப்படும் ஓசையை வைத்தே, சாத்தியது காற்றா, மனைவியா என்று சொல்லிவிடுவார். மனைவி என்றால் காரணத்தையும் சொல்வார்.

பீடோங்கில் ஒரு கடையின் மேல்மாடியில், இணையத் தமிழ் நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் ஸ்டூடியோ இருக்கிறது. குருணில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் இருபத்திரண்டு வருடம் பெட்டிகளுக்கு எண் போட்டவன் நான். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒலிக்கோப்புகளைப் பராமரிக்க இங்கே சேர்ந்தேன். ஒரு வாரம் சோதனை, தேறினால்தான் வேலை. என் நாட்குறிப்பு சொல்கிறது: “திங்கள். 8.47, படிக்கட்டு. 8.50, உள்ளே.”

புதுச் சப்பாத்தும் முழுக்கைச் சட்டையுமாக நின்ற என்னை, அரைக்கால் சட்டையில் வரவேற்றார் முதலாளி. என் மகன் வயது.

“வந்த நேரம் பதியணுமே, பஞ்ச் கார்ட் எங்க தம்பி?”

“அதெல்லாம் இல்லண்ணே. பசிச்சா சாப்பிடுங்க, தூக்கம் வந்தா சோபா இருக்கு லா.”

சோபாவில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார். அவரும் வேலையில்தான் இருக்கிறார் என்றார்கள்.

அங்கே நாடகங்களுக்கான ஒலிகளைப் பதிவு செய்பவர்தான் சத்தம் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊருக்கே அக்கா. செவ்வாய்க்கிழமை என்னைத் திகாம் பத்து என்ற ஊரின் சந்தைக்கு இழுத்துப் போனார். மீன்காரரிடம், மீன் வேண்டாம், அதை மேசையில் போடும் சத்தம் மட்டும் போதும் என்றார். பாவம், அவரும் ஏழு முறை போட்டார். எட்டாவது முறை மீனை விட்டுவிட்டுக் கூச்சல் போட்டார்.

“அண்ணே, கொஞ்சம் மைக் பக்கம் திரும்பித் திட்டுங்க!” என்றார் அக்கா.

புதன்கிழமைதான் நான் வேலையைக் காட்டினேன். அக்காவின் கோப்புகளுக்கு இருந்த பெயர்கள் ‘பொய் சொல்ற கதவு’, ‘மாமியார் வந்த மழை’, ‘சம்மதிக்காத நாற்காலி’. ஸ்டோரில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? எல்லாப் பெயர்களையும் அழித்து, பதிவான தேதியையும் மணியையும் போட்டு, வரிசையாக அடுக்கிவிட்டு, பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் அலறல் கேட்டது.

“யாரு என் மாமியாரக் காணாம ஆக்குனது?”

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு நாடகத்தை அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த தொடர் கைவிட்டுப் போகும் என்றார் முதலாளி. கடைசிக் காட்சியில், சண்டை போட்டுப் போன மகன் அப்பா வீட்டுப் படியேறுகிறான். அதற்கு ‘தயங்குற காலு’ என்ற கோப்பு வேண்டும். அது என் தேதிகளுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. நான் ராஜினாமாக் கடிதத்தில் தேதியைப் போட்டேன்.

“அத அப்புறம் எழுதலாம் லா, உக்காந்து தேடுங்க” என்றார் முதலாளி.

“யாரையாவது நடக்கவிட்டுப் புதுசா எடுத்துக்கலாமே அக்கா?”

“நடிச்சா தயக்கம் வராதுண்ணே.”

“எப்ப எடுத்தீங்க?”

“திங்கக்கெழம காலையில.”

தேதி கிடைத்தால் போதாதா எனக்கு! திங்கட்கிழமைக் கோப்பு ஒன்றே ஒன்று. 8.47. தட்டினேன்.

மரப்படியில் நாலு அடி ஏறுகிறது. நிற்கிறது. இரண்டு அடி இறங்குகிறது. ஓர் இருமல். பிறகு நீண்ட அமைதி. மறுபடி ஏறும்போது, புதுச் சப்பாத்து கிறீச்சிடுகிறது.

அந்த இருமல் எனக்குத் தெரியும். முப்பது வருடமாக என் வீட்டில் கேட்கிற இருமல். நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்ட மூன்று நிமிடம் அது.

“அக்கா, இது நான்.”

“பின்ன யாரு? மேல்படியில மைக்கோட நின்னுக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிசம் பாத்துட்டு, நானே எறங்கி வந்து கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன்.”

நாலு ஐம்பதுக்கு நாடகம் போய்ச் சேர்ந்தது. அந்தக் காட்சியை இதுவரை என் மனைவிக்கு ஒன்பது முறை, சம்பந்திக்கு நான்கு முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். நடிகரின் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைக் கேளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கடிதத்தை அக்கா மைக் முன்னால் கிழித்தார். அந்தச் சத்தமும் சேமிப்பில் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் எல்லாக் கோப்புகளுக்கும் பழைய பெயர்களை நினைவிலிருந்தே திருப்பி வைத்துவிட்டார். ‘தயங்குற காலு’ மட்டும் ‘நம்ம அண்ணே வந்த சத்தம்’ என்று மாறியிருந்தது. அதில் மட்டும், நான் போட்ட தேதியையும் அழிக்காமல் விட்டிருந்தார்.