கிழக்குப் பக்க ஜன்னல்

"ஜன்னல் இல்லாம ஒரு ரூமா? மனுஷன் இருக்கறதுக்கா, வெங்காயம் கொட்டி வைக்கறதுக்கா?" என்று கேட்டார் மாமனார்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டான். அவனுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் கல்யாணமான கையோடு மாமனார் வீட்டில் பெட்டியை இறக்கியவன் என்பதால், பால்காரர் முதல் எதிர்வீட்டு வாண்டு வரை தெருவே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது.

குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவு அவனுக்கு. பகல் முழுக்க டெலிபோனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஊராரின் திட்டுகளை வாங்கிக்கொள்வதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் மாமனார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எங்கே கிளம்பிட்டீங்க, எப்ப வருவீங்க, ஏன் லேட்டு? இந்த மூன்று கேள்விகளும் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. பாத்ரூமுக்குப் போனாலும் விட மாட்டார்.

அதனால்தான், ஊருக்கு வெளியே ஒரு சின்ன மனை வாங்கியதும் மாப்பிள்ளை இன்ஜினியரிடம் கேட்ட முதல் கேள்வியே தரைக்கு அடியில் ஒரு அறை தோண்ட முடியுமா என்பதுதான்.

"அது சதுப்பு மண்ணு சார். தோண்டினா ரூம் வராது, கிணறுதான் வரும்" என்று சொல்லிவிட்டார் இன்ஜினியர்.

பிறகுதான் வீட்டின் கிழக்கு மூலையில் இந்தச் சின்ன அறை. ஒரு நாற்காலி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். யார் குரலும் எட்டாமல் தினம் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சொந்த வீட்டில் அவனுக்கென்று வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இன்றைக்கு இன்ஜினியர் அலுவலகத்துக்கு மனைவியோடு போய் வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள். 'சும்மா வேடிக்கை பாக்க வரேன்' என்று கூடவே கிளம்பிவந்த மாமனார், இன்ஜினியரின் பென்சிலை வாங்கிக் காதில் செருகிக்கொண்டபோதே மாப்பிள்ளை வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"கிழக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் வைங்க. பெரிசா."

ஜன்னல் வந்தது. அந்தச் சுவரில் இருந்த அலமாரி சமையலறைக்குப் போனது.

"அடுப்பு இருந்தா நான் நிக்க முடியாது, நான் நின்னா அடுப்பு இருக்க முடியாது" என்றாள் மனைவி. "இது சமையலறையா, டிக்கெட் கவுன்ட்டரா?"

சமையலறையை அகலப்படுத்தினார் இன்ஜினியர். அது பக்கத்தில் இருந்த கழிப்பறையைத் தின்றது.

"நல்லதாப் போச்சு. கழிப்பறை கிழக்கே வேண்டாம். மேற்கே தள்ளுங்க" என்றார் மாமனார். "கிழக்கே இருந்தா நாத்தம் பக்கத்து மனைக்குப் போகும்."

"அந்தப் பக்கம் காலி மனைதானே மாமா? யாருக்கு நாத்தம்?"

"இன்னிக்குக் காலி. நாளைக்கு யாராவது குடி வந்தா? பாவம் இல்லையா மாப்பிள்ளை!"

முன்பின் தெரியாத அண்டை வீட்டார்மேல் இத்தனை கரிசனம்! தன்மேல் இதில் கால்வாசி இருந்திருந்தால் வீடே கட்டக் கிளம்பியிருக்க மாட்டோம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

கழிப்பறை மேற்கே போனது. அங்கிருந்த மாடிப்படி நடுக் கூடத்துக்கு வந்தது. சோபா போட இடமில்லை. படியில்தான் உட்கார்ந்துகொள்ள வேண்டும். போகிற போக்கில், சமையலறைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு கதவும் சுற்றுச்சுவரில் ஒரு சின்ன கேட்டும் போட வைத்தார் மாமனார்.

"எதுக்கு மாமா?"

"காத்து வரும்."

கம்ப்யூட்டரில் படம் வரையும் பெண், காதில் எதுவும் விழாதவள்போல மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய பொறுமையில் கொஞ்சம் கடன் கேட்கலாமா என்று மாப்பிள்ளை யோசிக்கும்போதுதான் மனைவி வாய் திறந்தாள்.

"எல்லாம் சரி. அப்பாவுக்கு ரூம் எங்க?"

"அவருக்குத்தான் சொந்த வீடு இருக்கே..." என்றான் மாப்பிள்ளை.

அவள் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

"அந்தச் சின்ன ரூமை மாமாவுக்கே குடுத்துடலாம்" என்றான் மாப்பிள்ளை. சொல்லி முடிக்கும்போது அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எனக்கு எதுக்குப்பா ரூம்?" என்றார் மாமனார்.

"பாத்தீங்களா! மனசு நொந்து பேசறாரு" என்றாள் மனைவி. "அவ்வளவு சின்ன ரூம்ல அப்பா கட்டில் எப்படிங்க போடறது?"

அறை பெரிதானது. அதற்கு இடம் கொடுத்துவிட்டு அவர்களுடைய படுக்கையறை ஒடுங்கியது. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. திறக்க வேண்டுமானால் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்க்க வேண்டும்.

"அப்ப நாங்க ராத்திரி நின்னுக்கிட்டே தூங்கறோம்!" என்று வெடித்தான் மாப்பிள்ளை. "இல்லாட்டி அந்த மாடிப்படியில ஆளுக்கொரு படி எடுத்துக்கறோம்! நான் கேட்டது ஒரு நாற்காலி போடற இடம். ஒரே ஒரு தாழ்ப்பாள். அதுகூட எனக்கு இல்லேன்னா, நான் இத்தனை வருஷம் யாருக்காக உழைச்சேன்?"

படம் வரையும் பெண்ணின் மவுஸ்கூட நின்றது.

மாமனார் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மாப்பிள்ளை, நான் சத்தியமா உங்க வீட்ல இருக்க வரல. அந்த ரூம் உங்களுக்குத்தான். பழையபடியே சின்னதா போடச் சொல்லுங்க. தாழ்ப்பாள் ரெண்டா வேணும்னாலும் வெச்சுக்கங்க."

"அப்பா!" என்றாள் மகள்.

"நிஜமாத்தாம்மா. கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு வீட்ல போய் நான் எதுக்கு? நீங்க நிம்மதியா இருங்க." வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "அந்த ஜன்னல், கதவு, கேட்டு, மூணையும் மட்டும் மாத்தாதீங்க. வெச்ச இடத்துலயே இருக்கட்டும்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் பின்னால் போனாள்.

மாப்பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனுஷனையா தினம் மனசுக்குள் கரித்துக்கொட்டினோம்? போகும்போதுகூட எனக்குக் காற்று வர வேண்டும் என்றல்லவா சொல்லிவிட்டுப் போகிறார்! ஜன்னல் என்ன, அவர் கேட்டிருந்தால் கிழக்குச் சுவரையே எடுத்திருக்கலாம். படுக்கையறை மறுபடி அகலமாகி, அவனுடைய அறை பழையபடி மூலைக்கு வந்து சேர்ந்ததும், கண் கலங்கியபடியே கையெழுத்துப் போட்டான். இன்ஜினியர் வரைபடத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படம் வரையும் பெண் நகலைச் சுருட்டி நீட்டினாள். நல்ல மனநிலையில் இருந்த மாப்பிள்ளை பேச்சுக் கொடுத்தான்.

"எல்லாம் சரிம்மா. சுவர்ல அந்தச் சின்ன கேட்டு மட்டும் எதுக்குன்னு புரியல. அந்தப் பக்கம் வெறும் காலி மனை."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் வாய் திறந்தாள்.

"அந்த மனையைத்தான் உங்க மாமா வாங்கிட்டாரே சார்! அவர் வீட்டுக்கும் நாங்கதான் பிளான் போடறோம். அவர் சொன்ன மாதிரியே, உங்க ரூம் ஜன்னல் அவரோட ஈஸி சேருக்கு நேரா வருதான்னு ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்."