பதினோரு ரோஸ் குஞ்சுகள்

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் என்னைப் பிடித்த முதல் வியாதி, அண்ணாந்து பார்ப்பது என் தகுதிக்குக் குறைவு என்ற எண்ணம். எங்கள் வம்சத்தில் என் கையெழுத்து ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கைநாட்டு. அதனால் வீட்டில் என்னிடம் வேலை சொல்லவே தயங்குவார்கள். (தயங்காதவர்களை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தயங்கப் பழக்கினேன்.)

கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் எங்கள் ஊர். கம்பெனிகள் வராத காலம். அம்மாவும் நைனாவும் கூலிக்கு அறுப்பு அறுக்கப் போவார்கள். நான் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டுவிட்டு, தபால்காரருக்காகத் தலைவாரிப் பூவைத்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பங்குனியில் அம்மாவின் கோழி பதினோரு குஞ்சு பொரித்தது. பதினொன்றும் அக்காவுக்கு. அக்காவுக்கு அப்போது நாலாவது மாதம். ஆவணியில் பிரசவத்துக்கு வருவாள். அதற்குள் குஞ்செல்லாம் கோழியாகிவிடும். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சாறு வைத்துக் கொடுக்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். அக்கா பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்ததில்லை. நான் படித்த பதினோரு வருஷமும் எனக்கும் சேர்த்துக் களை பிடுங்கியவள் அவள்தான்.

அம்மாவின் பயமெல்லாம் பருந்து. ஆரணித் தறிக்காரர் ஒருவரிடம் ரோஸ் சாயம் கொஞ்சம் வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். ரோஸ் நிறத்தில் குஞ்சை எந்தப் பருந்தும் பார்த்ததில்லையாம், பயந்து ஓடிவிடுமாம். சாயத்துக்கும் மேலே என்னைக் காவல் வைத்தாள்.

"ஒரு குச்சிய வெச்சிக்கினு முருங்கமரத்தாண்ட குந்து. மேல பாத்துக்கினே இரு. நெழலு சுத்துச்சின்னா கத்து. அவ்ளோதான்."

இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் தெருவில் போன எதிர்வீட்டு முனியம்மா அத்தை, "இன்னாடி, பெரிய படிப்பு படிச்சிட்டு கோழி மேய்க்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் சும்மாதான் கேட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வாங்கித் திருப்பிக் கொடுக்காத கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கோழிகளுக்கு மேலே கம்பிவலைக் கூரை போட்ட படம். சாயம் பற்றி ஒரு வரி இல்லை. குச்சியோடு உட்கார்ந்த பெண் பற்றியும் இல்லை. எனக்கு அது போதும். கம்பிவலைக்கு எங்கே போவது? என்னோடு படித்த செல்வி ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. அவள் அப்பாவிடம் பழைய மீன்வலை கேட்டு வாங்கி வந்தேன்.

அவர் கொடுக்கும்போதே சொன்னார்: "நல்லா அலசி, ரெண்டு நாளு வெயில்ல போட்டுட்டு அப்பால கட்டும்மா. கவுச்சி போவணும்."

நாற்றத்துக்காகச் சொல்கிறார், மூக்கைப் பொத்திக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். இரண்டு நாள் காத்திருக்க என்னால் முடியாது. அன்று சாயங்காலமே அம்மா வந்து பார்த்து அசந்துபோக வேண்டும்.

முதலில் குஞ்சுகளை சோப்புப் போட்டுக் கழுவினேன். மூடநம்பிக்கை பாதிதான் போயிற்று. மீதியோடு அவை சொறி பிடித்த மாதிரி நின்றன. பிறகு வலையின் ஒரு பக்கத்தைக் கூரை வாரையிலும் மறுபக்கத்தை முருங்கைக் கிளையிலும் இழுத்துக் கட்டினேன். (முருங்கைக் கிளை எதையும் தாங்காது என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். என் புத்தகத்தில் முருங்கை மரம் இல்லை.) வலைக் கண்ணிகளில் செதிலும் காய்ந்த இறாலும் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்தபோது ஏரியின் பருந்தெல்லாம் எங்கள் வீட்டுக்கு மேலே இருந்தது. அதுவரை எங்கள் தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். என் வலை, மீன் இருக்கிறது என்று அத்தனைக்கும் சொல்லி அனுப்பியிருந்தது. வெள்ளைக் கழுத்துச் செம்பருந்து ஒன்று இறாலுக்கு இறங்கி, கால் சிக்கி, படபடவென்று அடித்துக்கொண்டது. கிளை முறிந்தது. வலை கோழியின் மேலும் குஞ்சுகளின் மேலும் விழுந்தது. ஓடி ஒளிந்திருக்க வேண்டிய குஞ்சுகளை நானே ஓடாமல் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. மற்ற பருந்துகள் அவசரமில்லாமல் இறங்கின. வலையின் கிழிசல்கள் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தன.

நான் கத்தினேன். தெருவே வந்தது. வந்தவர்கள் சிக்கியிருந்த செம்பருந்தைப் பார்த்ததும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கருடனக் கட்டிப் போட்டுட்டியேடி பாவி," என்றாள் முனியம்மா அத்தை.

"அத்தே, குஞ்சு அத்தே, குஞ்சப் புடிங்க," என்றேன்.

"மொதல்ல சாமிய அவுத்து உடு."

யாரும் கிட்டே வரவில்லை. அரிவாள்மனையால் வலையை அறுத்து நான்தான் சாமியை விட்டேன். போகும்போது அது என் மணிக்கட்டைக் கிழித்துவிட்டுப் போயிற்று. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தபோது குஞ்சு இரண்டுதான் மிச்சம். கோழிக்குக் கால் ஒடிந்திருந்தது.

அம்மா வயலிலிருந்து வந்தாள். வலையைப் பற்றிக் கேட்கவில்லை. சாயம் எங்கே என்று கேட்கவில்லை.

"நீ எங்க இருந்த?"

"உள்ள. படிச்சிக்கினு இருந்தேன்."

கால் ஒடிந்த கோழியை அன்றே அறுத்துக் குழம்பு வைத்தார்கள். ஈரலை அம்மா எப்போதும் போல எனக்கே வைத்தாள். படிக்கிற பிள்ளைக்குத் தெம்பு வேண்டும் என்று பதினோரு வருஷமாக இருந்த பழக்கம். நைனா மட்டும், ஏரியில் எவனுக்கும் சிக்காத மீன் தன் பெண்ணுக்குச் சிக்கியது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். தாயில்லாத குஞ்சு இரண்டும் அந்த வாரமே போயின.

ஆவணியில் அக்கா வந்தாள். ஆண் குழந்தை. மிளகு ரசமும் பூண்டும்தான் சாப்பிட்டாள். பிள்ளையைப் பார்க்க வந்த அவள் மாமியார் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உங்க ஊட்டுல ஒரு கோழிகூடவா இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அம்மா தலை குனிந்தாள். அக்கா ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"இருந்துச்சு. என் தங்கச்சி படிச்சிட்டா."

மாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தீர்ந்தாலும் இதே பதில்தான். எண்ணெய் இல்லையா? இருந்துச்சு, தங்கச்சி படிச்சிட்டா. நான் இப்போது டீச்சர். என் சம்பளத்தில் எண்ணெய் வந்தும் பதில் மாறவில்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் கோழி வைத்திருக்கிறாள், ஏழு குஞ்சு, எல்லாம் ரோஸ் நிறம். மகனைக் காவல் இருக்கச் சொன்னாள். அவன் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் படிக்கணும்," என்றான்.

அக்கா அவனை விட்டுவிட்டு திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போய், அண்ணாந்து உட்கார்ந்தேன்.