கேட்கக் கூடாத கேள்வி

நலங்காடு என்றொரு ராஜ்ஜியம். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே தெருவில் எதிர்ப்பட்டவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது, "சாப்டீங்களா?" பதில் யாருக்கும் முக்கியமில்லை. கேட்டாலே பாதி வயிறு நிறைந்துவிடும்.

இது மன்னரின் காதை உறுத்தியது. "என் ஆட்சியில் பட்டினி இருக்கிறது என்றல்லவா அர்த்தமாகிறது?"

"அரச நிந்தனையேதான், பிரபு!" என்றார் அமைச்சர் அதிவீரநம்பி. அன்றே அந்தக் கேள்விக்குத் தடை விழுந்தது. மீறினால் பாதாளச் சிறை.

கேள்வி போனதும் பேச்சும் போயிற்று. வேறெதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று பாவம், யாருக்கும் தெரியவில்லை. குனிந்த தலையோடு நடந்தார்கள். பிறகு இளைக்கத் தொடங்கினார்கள். வேளாவேளைக்குத் தின்றும் உடம்பில் ஒட்டவில்லை.

அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார். "நோய் ஒன்றுமில்லை. கேட்க நாதியில்லை, அவ்வளவுதான்."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. "அரசாங்கமே கேட்டுவிட்டால் போயிற்று!"

வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பித்தளைக் குழாய் முளைத்தது. மூன்று வேளையும் அது கேட்கும்: "குடிமக்களே, உணவருந்தினீரா?" உள்ளேயிருந்து "அருந்தினேன்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாத வீட்டில் அடுப்பெரிக்கத் தடை. என்ன மூளை பாருங்கள்!

வடக்குத் தெருப் பேச்சியம்மாளுக்கு எதிர்வீட்டு நாகலட்சுமி கூடப் பிறக்காத அக்கா. நாலு நாளாக அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனால் வேளை தவறாமல் "அருந்தினேன்" என்று அக்காவின் குரல் கேட்டது. அதை நம்பித்தான் பேச்சியம்மாள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் மனசு கேட்கவில்லை. சிறையாவது மண்ணாவது என்று ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

"அக்கா, சாப்டியா?"

நாகலட்சுமி பாயில் கிடந்தாள். தொட்டால் சில்லென்றிருந்தது. அப்போது வாசல் குழாய் கேட்டது: "உணவருந்தினீரா?" அந்த உதடுகள் அசையவில்லை. குழாயே நாகலட்சுமியின் குரலில் சொன்னது: "அருந்தினேன்."

பேச்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். "ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருந்தா பொழச்சிருப்பாளே!"

அங்கே நல விசாரணை அதிகாரி கையில் பட்டியலோடு நின்றிருந்தார்.

"அக்கா செத்துப்போயிட்டாய்யா!"

"இப்போதுதானே பதில் சொன்னார். நலமாக இருக்கிறார்."

"நான் கண்ணால பாத்தேன்யா! எதிர்வீட்டுப் பேச்சியம்மா நான்!"

அதிகாரி எதிர்வீட்டுப் பக்கம் காதைத் திருப்பினார். ஆளில்லாத அந்த வீட்டு வாசலிலிருந்து, அவளுடைய குரலிலேயே, "அருந்தினேன்" என்று வந்தது. அவர் பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பேச்சியம்மாள் வீட்டில்தான் இருக்கிறார். நீ யாரம்மா?"