என் கம்ப்யூட்டரில் குடியிருக்கும் மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே என் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் நகர மறுப்பதால் கையால் எழுதுகிறேன்.

நேற்றும் பேத்தி வீடியோவில் வந்தாள். பல் விழுந்த இடத்தைக் காட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் சும்மா இருப்பேனா? லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டியவன். போன மாதம் ஒரு தடவை திணறியபோதே கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். எந்த புரோகிராம் யார் பெயரில் ஓடுகிறது, எவ்வளவு மெமரி பிடிக்கிறது, எல்லாம் தெரிகிறது. சாட்சி வேண்டுமே என்று, நொடிக்கொரு தரம் கணக்கெடுத்து எதையும் மறக்காமல் வைத்துக்கொள்ளும் ஒரு புரோகிராமையும் அன்றே நானே எழுதி ஓடவிட்டேன். பெயர் ‘காவல்காரன்’. இன்றுவரை கண் அசரவில்லை.

உங்கள் பெயரைப் போட்டுத் தேடினேன். இருக்கிறீர்கள்! என் வீட்டில், என் மின்சாரத்தில், என் மெமரியில்! ‘கில்’ என்று அடித்துக் கொன்றேன். அடுத்த நிமிஷமே வேறு நம்பரில் எழுந்து உட்கார்ந்துகொண்டீர்கள். மகளுக்குப் போன் போட்டால், “அப்பா, உங்க போட்டோ எதுவும் அழியாம இருக்க அவர் போட்டு வச்சதுப்பா அது” என்கிறாள். “போட்டோவைக் காப்பாத்த என் உயிரை வாங்கணுமா? ஞாயித்துக்கிழமை விருந்துக்கு அவர் வர வேண்டாம்” என்றேன். “அவர் அங்க வரக்கூடாதுன்னா நாங்களும் வரல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பார்த்தீர்களா, கடைசியில் கம்ப்யூட்டரைப் போலவே என் பிள்ளையையும் நகர மறுக்க வைத்துவிட்டீர்கள். நீங்கள் வர வேண்டாம். அவர்கள் இருவரையும் பஸ் ஏற்றிவிடுங்கள். இது முடிவு.

பேத்திக்கு என் முத்தங்கள். மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும் வழக்கமானவை.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அத்தை வந்து, “அதென்ன, மாப்பிள்ளை பேரை மட்டும் தேடுறீங்க? எல்லார் பேரையும் போட்டுப் பாருங்களேன்” என்றாள். போட்டேன். நீங்கள் எங்கோ அடியில், கொசு அளவு. முதல் வரியில், முக்கால்வாசி மெமரியை விழுங்கிவிட்டு, என் பெயரில் உட்கார்ந்திருக்கிறான் காவல்காரன். எழுதியதை அடித்துத் திருத்தும் பழக்கம் எனக்கில்லை. ராப்பகலாக உழைக்கிறவன் நாலு வாய் கூடத்தான் சாப்பிடுவான். இவ்வளவு சின்ன மெமரியோடு வாங்கிக் கொடுத்தது யார் தப்பு? ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வந்து சேருங்கள். பெரிய மெமரியாக ஒன்று வாங்கி வாருங்கள். உங்களை நானே மன்னித்துவிட்டதாக மகளிடம் சொல்லுங்கள்.