சிங்கத்தாரின் சட்டமும் வதனியின் பாரை மீனும்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. சட்டம் படித்திருக்காது, ஆனால் சட்டம் சொல்லும். உங்கள் கைப்பையில் அரசாங்க முத்திரை குத்திய கடுதாசி ஒன்று இருக்கிறது என்பதை இரண்டு மேசைக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடித்து, கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, "எங்க, கொண்டாரும் பாப்பம்" என்று கையை நீட்டும். நீங்கள் ஆலோசனை கேட்டீர்களா? இல்லை. அதனால் தப்பிவிட்டீர்களா? அதுவும் இல்லை.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஆள் ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில் இருக்கும் கோப்பிக் கடைக்குப் போங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு சன்னலோர மேசையில் இருப்பார். பெயர் குணபாலசிங்கம். முகத்துக்கு முன்னால் சனம் சொல்வது சிங்கத்தார். முதுகுக்குப் பின்னால் கேஸ் சிங்கம்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு அவருடைய அகதிக் கோரிக்கை நாற்பது நிமிட விசாரணையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த நாற்பது நிமிடத்தை அத்திவாரமாகப் போட்டு, வருடத்துக்கு ஒரு மாடியாக இன்றுவரை கட்டிக்கொண்டே போகிறார். பல்லுப் பிடுங்கிக்கொண்டவர் எல்லாம் பல் வைத்தியராகிவிட முடியுமா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்.

கடுதாசியை வாங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை ஓட்டி, மூன்று தரம் "ம்ம்" என்று சொல்லிவிட்டு, "ஆர் உம்மட லோயர்?" என்பார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, செத்தவீட்டில் தலையாட்டுவதுபோல ஆட்டி, "அவனோ..." என்று இழுப்பார். அவ்வளவுதான். ஏழு வருடம் படித்த ஒரு மனிதனின் கதை அந்த இழுவையில் முடிந்துவிடும்.

வதனி இவரிடம் அகப்பட்டது ஒரு மீனால்.

சத்தியவதனிக்கு முப்பத்தெட்டு வயது. வட்டக்கச்சிக்காரி. காணாமல் போன கணவனைத் தேடி ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதில், அவளைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒன்பது வயது மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்து கனடாவில் அகதிக் கோரிக்கை போட்டிருந்தாள். கோரிக்கை வென்றால் பிள்ளையைக் கூப்பிடலாம். தோற்றால் அவளே திரும்பிப் போகவேண்டும். விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரைக்கும் வேலை, எக்ளிங்டன் பக்கத்துப் பலசரக்குக் கடையில் மீன் வெட்டுவது.

ஒரு சனிக்கிழமை, கடை நிரம்பச் சனம். வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் சோதிலிங்கம் வெட்டிக் கழுவிய பாரையை மூன்றாவது தரமாகத் திருப்பிக் கொடுத்தார். முதலில் துண்டு தடிப்பு, பிறகு துண்டு மெல்லிசு, இப்போது தலை சின்னன்.

"மீனுக்குத் தலை அவ்வளவுதான் அண்ணை," என்றாள் வதனி.

"வாய் மட்டும் இருக்கு. பொய்க் கேஸ் எழுதிக் குடுத்துப்போட்டு வாற ஆக்களை வேலைக்கு வைச்சா இப்பிடித்தான்," என்றார் சோதிலிங்கம். இவர் தொண்ணூற்றிரண்டில் விமானத்தால் இறங்கி அகதியென்று கை தூக்கியவர் என்பது வேறு விசயம்.

அந்த நேரம் பார்த்து வதனியின் கையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த முழுப் பாரை ஒன்று, கல்லுப்போல உறைந்தபடி இருந்தது. அடுத்த நொடி இருக்கவில்லை. சோதிலிங்கத்தின் இடது தோளில் மோதி, அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு நிலத்தில் விழுந்தது. பொலிஸார் இரண்டு பேர் வந்தார்கள். மீனைப் படம் எடுத்தார்கள். தராசில் வைத்து நிறுத்தார்கள்: இரண்டு கிலோ முந்நூறு. ஆயுதத்தால் தாக்கிய குற்றம் என்று எழுதிக் கடுதாசி ஒன்றை அவளிடம் கொடுத்தார்கள். சட்டத்துக்குக் கத்தியும் ஒன்றுதான், பாரையும் ஒன்றுதான். அடிக்க எடுத்தால் ஆயுதம்.

திங்கட்கிழமை காலை, கோப்பிக் கடை வரிசையில் நின்று அந்தக் கடுதாசியை அவள் ஒருதரம் விரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான்.

"என்ன பிள்ளை, பொலிஸ் கடுதாசியே? கொண்டாரும் பாப்பம்."

நெற்றிக்குக் கண்ணாடி ஏறியது. மூன்று "ம்ம்" வந்தது. பிறகு சிங்கத்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "மீனோ! மீனுக்கெல்லாம் கேஸ் எழுதுறாங்களே? ஒண்டுக்கும் யோசியாதையும். ஒரு விசயம் மட்டும் நினைவு வைச்சிரும். உம்மட அகதிக் கேஸ் லோயருக்கு இதைப்பற்றி மூச்சும் விடாதையும்."

"ஏன் அண்ணை? அவவுக்குச் சொல்லத்தானே வேணும்?"

"சொன்னா அவ பயந்து கேஸை விட்டிட்டுப் போயிடுவா. குடிவரவு ஒரு கந்தோர். வழக்குக் கோடு ஒரு கந்தோர். இந்தக் கந்தோருக்கு அந்தக் கந்தோர் எங்க இருக்கெண்டே தெரியாது. நீர் ஏன் வலியப்போய் வழி காட்டுவான்?"

வதனிக்கு அன்றைக்கு நல்ல நித்திரை வந்தது. இந்த இனத்திடம் இருக்கும் உண்மையான சக்தி அதுதான். படித்த வழக்கறிஞர் "பார்க்க வேணும்" என்று சொல்லி உங்கள் நித்திரையைப் பறிப்பார். சிங்கத்தார் "யோசியாதையும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். யாரிடம் சனம் போகும்?

ஆறு கிழமை கழித்துக் குடிவரவுத் திணைக்களத்திடமிருந்து கடிதம் வந்தது. உங்கள்மேல் குற்றவியல் வழக்கு ஒன்று இருப்பதால், நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அகதி விசாரணை நிறுத்தி வைக்கப்படுகிறது. ஒன்றை ஒன்று அறியாத அந்த இரண்டு அலுவலகங்களும் எப்போது அறிமுகமாகிக் கொண்டன என்று சிங்கத்தார் திகைத்தாரா? இந்த இனத்துக்குத் திகைப்பு என்ற உறுப்பே கிடையாது.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார். "இப்ப என்ன, கோட்டு வழக்கு முடிஞ்சாத்தானே மற்றது ஓடும்? அப்ப கோட்டு வழக்கைக் கெதியா முடிப்பம். போய் நிண்டு, ஓம், நான்தான் எறிஞ்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லும். முதற் குற்றம். மறியலுக்குள்ள போடமாட்டாங்கள். பத்து நிமிசத்தில வெளியால வந்திடுவீர்."

"மெய்யா மறியல் இல்லையோ அண்ணை?"

"என்ர தலையில அடிச்சுச் சத்தியம்."

இதிலுள்ள பயங்கரம் என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு வரியும் பொய்யில்லை. மறியல் கிடைத்திருக்காது. பத்து நிமிடத்தில் முடிந்துமிருக்கும். எல்லாமே முடிந்திருக்கும்.

வழக்கு நாளன்று வதனி மகளின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு உதவ அங்கே அரசு அமர்த்திய வழக்கறிஞர் ஒருவர் இருப்பார். அன்றைக்கு இருந்தவர் கேம்பல் என்ற உயரமான ஜமெய்க்கா அம்மா. மொழிபெயர்க்க வந்தவர் தஞ்சாவூர்க்காரரான வைத்தியநாதன். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று வதனி சொன்னதும் கேம்பல் கேட்ட முதற் கேள்வி மீனைப்பற்றியதல்ல.

"தாங்கள் இந்நாட்டின் குடியுரிமை பெற்றவரா?" என்று மொழிபெயர்த்தார் வைத்தியநாதன்.

"இல்லை. அகதிக் கேஸ் நடக்குது."

கேம்பல் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு நீளமாகப் பேசினார். வைத்தியநாதன் அதைவிட நீளமாக, மேடைத் தமிழில், "அதிகபட்சத் தண்டனை பத்தாண்டுகளாக அமையுங்கால்" என்று தொடங்கி, எழுவாயைத் தேடி எங்கோ போய், வதனியின் வெறித்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு குரலைத் தணித்து, "சுருக்கமாச் சொல்றேம்மா. உங்களுக்கு ஒரு நாள் ஜெயில்கூடக் கிடைக்காது. ஆனா இந்தக் குத்தத்துக்குச் சட்டத்துல பத்து வருசம்வரை போட்டிருக்கு. குடிவரவுக்காரங்க பாக்குறது உங்களுக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னு இல்ல, எவ்வளவு கிடைக்கலாம்னுதான். குற்றவாளின்னு பதிவாச்சுன்னா உங்க அகதி மனுவை விசாரிக்கவே மாட்டாங்க. இன்னிக்கு ‘ஆமா’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்படீங்கறாங்க" என்றார்.

வதனி அன்றைக்கு ‘ஓம்’ சொல்லவில்லை.

வழக்கு வேறொரு நாளுக்குத் தவணை போடப்பட்டது. நேரே அகதி வழக்கறிஞர் மயூரதியின் அலுவலகத்துக்குப் போனாள். மயூரதி கனடாவில் பிறந்தவள். வதனியைவிடப் பத்து வயது இளமை. விசாரணையை நிறுத்தி வைத்த கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமையாக இவளுக்குத் தொலைபேசி எடுத்து, பதில் இல்லாமல் களைத்துப்போயிருந்தாள்.

"சாட்டுறது வேற, தீர்க்கிறது வேற அக்கா," என்றாள். "ஒரு ஆளைச் சாட்டினா கதவைப் பூட்டி வைப்பினம். குற்றவாளி எண்டு தீர்த்தா கதவையே கழட்டிக்கொண்டு போயிடுவினம். முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கலாமே? ஆர் சொல்ல வேண்டாமெண்டது?"

"ஒரு அண்ணை."

மயூரதி கண்ணை மூடித் திறந்தாள். "எல்லாருக்கும் ஒரு அண்ணை இருக்கிறார்."

அதற்குப் பிறகு ஐந்து மாதம். குற்றவியல் வழக்குக்கு வேறொரு வழக்கறிஞர். அவரும் மயூரதியும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு எளிய காரியம் பாருங்கள்! அரச தரப்பு சோதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் கதைத்தபோது, விசயத்தைக் கேட்டு மனிதர் வெலவெலத்துப் போனார். "ஐயோ, அவவைத் திருப்பி அனுப்பவோ நான் பொலிசைக் கூப்பிட்டனான்? கண்ணாடி உடைஞ்ச கோவத்தில கூப்பிட்டது," என்றாராம். கடைசியில், ஒரு வருடம் சமாதானமாக இருப்பேன், சோதிலிங்கம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று வதனி நீதிமன்றத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாள். குற்றச்சாட்டு மீளப் பெறப்பட்டது. பூட்டு விழுந்த கதவு மெல்லத் திறந்தது.

அகதி விசாரணையில் முடிவு சொல்லும் சபை உறுப்பினர் கேட்ட முதற் கேள்வியே, "ஏன் அந்த மீனை எறிந்தீர்கள்?" என்பதுதான்.

"நான் பொய் சொல்லிக்கொண்டு வந்தனான் எண்டு சொன்னவர்," என்றாள் வதனி. "எறிஞ்சது பிழை. ஆனா நான் பொய் சொல்லேல்லை."

உறுப்பினர் எதையோ எழுதிக்கொண்டு, கணவனைப்பற்றிக் கேட்கத் தொடங்கினார். மூன்று கிழமையில் முடிவு வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. வட்டக்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, மகளிடம் விசயத்தைச் சொல்ல முடியாமல், "சாப்பிட்டியா? என்ன கறி?" என்றே மூன்று தரம் கேட்டாள்.

இனிப்புப் பெட்டியோடு அவள் கோப்பிக் கடைக்குப் போனபோது சிங்கத்தாரைச் சுற்றி நான்கு பேர். "மீன் கேஸ் தெரியுமே? நான் வென்று குடுத்தது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வதனியைக் கண்டதும் ஒரு மிடறு கோப்பி குடித்துக்கொண்டார்.

"அண்ணை, நீங்கள் சொன்னதுபோல நான் ஓமெண்டு சொல்லியிருந்தா இண்டைக்கு..."

"உம்மட மனத்திடத்தைச் சோதிச்சுப் பாத்தனான் பிள்ளை," என்று அவர் லட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து மேசையில் ஓர் இளம் சோடி இருந்தது. கணவன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி அகப்பட்டவன். அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறது. மனைவி கையில் கடுதாசி. இருவரும் குசுகுசுத்தது வதனியின் காதில் விழுந்தது. இவரிடம் இதுகள் மாட்டிக்கொள்ளக் கூடாது! கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் இருந்தாள்.

"தங்கச்சி, சிங்கத்தாரின்ர கதையை விடுங்கோ. நான் பட்டுத் தெளிஞ்சு வந்தனான், எனக்குத் தெரியும். ஒண்டுமில்லை. சமாதானமா இருப்பன் எண்டு கோட்டில எழுதிக் குடுங்கோ. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சிடும்."

மீன் எறிந்த வழக்கு வேறு, குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு வேறு, அதற்கு உறுதிமொழி எடுபடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் நிம்மதி பரவுவதைப் பார்க்க அவ்வளவு சுகமாக இருந்தது.

வதனியைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதை இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். பத்து வருடக் கணக்குத் தெரிந்துவிட்டது, சாட்டுவதற்கும் தீர்ப்பதற்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. நாளைக்கு உங்கள் மைத்துனர் ஒரு கடுதாசியோடு வாசலில் வந்து நின்றால், "வழக்கறிஞரிடம் போ, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிடுவீர்கள்தானே?

ஏன் தொண்டையைச் செருமுகிறீர்கள்?